இருபத்து மூன்றாம் பாடம்

பத்தேகால் மணி அடித்தாயிற்று, இனி ஒன்றேகால் வரைக்கும் எனக்கு வாய் கிடையாது. ஜெபக்கனி மூன்று மணி நேரம் பேசாமல் இருந்தாள் என்றால் என் வீட்டுக்காரர் பொன்ராஜ் நம்பமாட்டார், சாட்சிக்கு நாலு பேரைக் கூட்டிவரச் சொல்லுவார். இருபது பேர், ஆளுக்கொரு பெஞ்சு, தலைக்கு மேலே மூன்று ஃபேன், நடு ஃபேன் சுற்றுகிறதே தவிரக் காற்றைக் காணோம். பன்னிரண்டாம் வகுப்புத் துணைத்தேர்வு, இயற்பியல், எழுதுகிறவர்கள் எல்லாரும் தனித்தேர்வர்கள். மீசை நரைத்த ஒருவர் இருக்கிறார், வேலைக்குப் போகிற வழியில் வந்தது மாதிரி செக்யூரிட்டி சட்டையோடு ஒரு பையன், பிள்ளையைப் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்து இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். இயற்பியல் தேர்வு நடக்கிற அறைக்கு இயற்பியல் டீச்சரைப் போடமாட்டார்கள், சொல்லிக் கொடுத்துவிடுவாராம். அதனால் தமிழ் டீச்சரைப் போட்டிருக்கிறார்கள். "ஒங்களுக்கு இதுல ஒரு எழவும் புரியாது, அதனால பயமில்ல டீச்சர்" என்று முதன்மைக் கண்காணிப்பாளர் காலையில் சிரித்தார், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். மிச்சமிருந்த கேள்வித்தாளை ஒரு ஓட்டு ஓட்டினேன். ஒன்று விடாமல் எனக்கு விடை தெரியும். இருபத்தெட்டாவது கேள்வி கொஞ்சம் குசும்பு பிடித்த கேள்வி, எவனோ நேற்று ராத்திரி பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து எடுத்திருக்கிறான். முப்பத்து நாலு, நேரான கம்பியில் மின்னோட்டம் மேல்நோக்கிப் போனால் சுற்றி வரும் காந்தப்புலத்தின் திசை என்ன, படம் வரைந்து விளக்கு, ஐந்து மார்க். அட, இது என் இருபத்து மூன்றாம் பாடம் அல்லவா. இந்த ஊரில் பொன்ராஜைத் தவிர யாருக்கும் தெரியாது, யூடியூபில் அறுபத்து நாலு இயற்பியல் பாடம் போட்டிருக்கிற, முகமே காட்டாத அந்தக் குரல் ஒரு தமிழ் டீச்சருடையது என்று. பெல் அடிப்பதற்கு முன்னால் ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்தபோது ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் வேலுத்தாய் என்று பெயர் இருந்தது, பிறந்த வருஷத்தைப் பார்த்தால் என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் மனசுக்குள்ளேயும் அவர் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். விரல் நுனியெல்லாம் பொடிப்பொடியாகக் கீறல். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "மோட்டார் வைண்டிங் கடையில இருக்கேன் டீச்சர், இருவது வருசமா செம்புக் கம்பியில காயில் சுத்துதேன். இந்தப் பேப்பரு மூணு தடவ போயிட்டு. இது பாசாச்சுன்னா சாயங்காலப் பாலிடெக்னிக்ல சேந்துருவேன். டிப்ளமோ இருந்தாத்தான் மில்லுக்காரன் எம்பேருக்கு ஆர்டர் தருவேங்கான்" என்றார். நன்றாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

நடக்கலாம், நடந்தால் நேரம் போகும், செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கவேண்டும். எனக்கும்தான் இயற்பியல் படிக்க ஆசை இருந்தது. எங்கள் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் குரூப் கிடையாது, சயின்ஸ் குரூப் இருந்த பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஆண்கள் படிக்கிற பள்ளி. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பத்தாம் வகுப்பில் அறிவியலில் தொண்ணூற்றாறு வாங்கின பிள்ளை வரலாறும் பொருளாதாரமும் படித்தேன், பிறகு தமிழ் படித்தேன். தமிழ் எனக்குப் பிடிக்கும், அதிலே ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்தக் கோபம் இன்றைக்கு வரைக்கும் போகவில்லை, போகவும் வேண்டாம். ஊரடங்கில் பள்ளி மூடிக் கிடந்தபோது போனில் என்னத்தையோ தேடப்போய் வீடியோவில் ஒரு இயற்பியல் வாத்தியார் வந்து நின்றார். ஏதோ ஒரு தூரதேசத்துக் கல்லூரி, கரும்பலகை, கையெல்லாம் சாக்பீஸ் பொடி, ஐம்பத்தாறு வகுப்பு, எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் என்றால் நானுமா? முதலில் நம்பவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் நிறுத்தி, நீ எந்த குரூப் என்று கேட்பார்கள் என்று பயந்துகொண்டே அமுக்கினேன். யாரும் கேட்கவில்லை. அவர் பேசுகிற இங்கிலீஷ் ஒரு வரிக்கு ஒரு தடவை நிறுத்தினால்தான் எனக்குப் புரிந்தது, ஒரு மணி நேர வகுப்பு நாலு நாள் ஓடியது. நம்ம அரசாங்கப் பாடப்புத்தகத்தை இறக்கிவைத்துக்கொண்டு அதையும் இதையும் மாற்றி மாற்றிப் படித்தேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த நாளெல்லாம் உண்டு. "தமிழ் டீச்சருக்குக் கரண்டோட என்ன சோலி?" என்று பொன்ராஜ் கேட்பார், கேட்டுக்கொண்டே தீய்ந்த குழம்பை வாயைத் திறக்காமல் சாப்பிடுவார், நல்ல மனுஷன். ஐம்பத்தாறாவது வகுப்பு முடிந்த அன்றைக்கு நான் அழுதேன். இந்த மனுஷருக்கு என் பெயர்கூடத் தெரியாதே, தெரியாமலே இவ்வளவும் கொடுத்துவிட்டாரே என்று வந்த அழுகை அது. அப்புறம் சும்மா இருக்க முடியுமா? எனக்குப் புரிந்ததை எனக்குப் புரிந்த தமிழில் சொன்னேன். காந்தப்புலம் என்று சொன்னதும் பயந்து ஓடுகிற பிள்ளைகளுக்காக, கம்பிக்குப் பதிலாகச் சப்பாத்திக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மேலே நீட்டி, இரண்டு தடவை ஆட்டி, இந்தா, கரண்டு இப்படிப் போகுதுன்னா, விரல் நாலும் எப்படி மடங்குதோ அப்படித்தான் காந்தப்புலம் சுத்தும், கதை முடிஞ்சுது. பத்தொன்பதாயிரம் பேர் பார்த்த பாடம். கர்வமா என்றால், ஆமாம், கர்வம்தான்.

பதினொன்றேகால் இருக்கும். வேலுத்தாய் பேனாவோடு நிமிர்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார், எதையும் பார்க்காத பார்வை. பிறகு கையைத் தூக்குகிறார், தண்ணீர் கேட்கிறாரோ என்று ஒரு அடி வைத்துவிட்டேன், தண்ணீர் இல்லை. கை காற்றில் எதையோ பிடிக்கிறது, ஒரு கட்டையைப் பிடிப்பதுபோல. நாலு விரலும் மடங்குகின்றன, பெருவிரல் நிமிர்கிறது. நிமிர்ந்த பெருவிரல் இரண்டு தடவை ஆடுகிறது. எந்தப் புத்தகத்திலும் பெருவிரலை ஆட்டச் சொல்லவில்லை. அது என் ஆட்டம். இந்தா, கரண்டு இப்படிப் போகுது. என் பாடம் பார்த்தவர்! எனக்கு எதிரே, மூன்றாவது பெஞ்சில், என் மாணவி! சிரிப்பு முட்டுகிறது, இரண்டு எட்டு வைத்துப் போய் நான்தான் அது என்று சொல்லிவிடலாம் போல இருக்கிறது, பரீட்சையாவது ஒன்றாவது. பத்தொன்பதாயிரம் என்பது வெறும் எண், இது ஆள், கீறல் விழுந்த விரல் உள்ள ஆள். சரியாகப் பிடித்திருக்கிறாரா என்று டீச்சர் கண் பார்க்கிறது, பழக்கதோஷம். பெருவிரல் மேலே, சரி. விரல் மடக்கு, சரி. கை. கை? இடது கை. ஏன் இடது கை? இடக்கைக்காரரோ? இல்லை, பேனா வலது கையில்தான் இருக்கிறது. வலதுகைப் பெருவிரல் விதி என்று தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேனே, பாடம் முழுக்க எத்தனை தடவை, வலது, வலது, வலது. நான் வலது கையில்தான் பிடித்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு பொன்ராஜ் ஊரில் இல்லை, எப்போதும் எனக்குப் போனைப் பிடிக்கிறவர் அவர்தான், கட்டை சட்டத்துக்குள் வருகிறதா என்று நானே பார்த்துக்கொள்ளவேண்டி இருந்ததால் முன் கேமராவைப் போட்டு, செல்ஃபி எடுக்கிற மாதிரி. செல்ஃபி. என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் இதே போனில் செல்ஃபி எடுத்தோம், பின்னால் கட்டியிருந்த பேனரில் மாப்பிள்ளை பெயர் திருப்பிப் போட்ட எழுத்தாக விழுந்திருந்தது, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த போன் முன் கேமராவில் எடுத்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே பதிந்துகொள்ளும். மற்ற பாடத்திலெல்லாம் போர்டு இருந்தது, பின் கேமரா இருந்தது. இருபத்து மூன்றில் மட்டும் போர்டு இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை, வெறும் சுவரும், கழுத்துக்குக் கீழே நானும், சப்பாத்திக் கட்டையும். அதில் வலது கை இடது கையாகத் தெரியும். அந்தக் கை மடங்குகிற பக்கம் தப்பான பக்கம். வாய் வலது என்கிறது, திரை இடது என்கிறது, காதில் விழுந்ததையா கை பழகும், கண் பார்த்ததைத்தான் பழகும். ஆண்டவரே. பத்தொன்பதாயிரம் பேர். நான் அப்படியே நிற்கிறேன், செக்யூரிட்டி சட்டைப் பையன் நான் அவனைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துப் பயந்து, கேள்வித்தாளைத் தள்ளி வைக்கிறான்.

நட, ஜெபக்கனி, நின்றால் சந்தேகப்படுவார்கள். ஒருத்தர் கேட்டார், இப்போது ஞாபகம் வருகிறது, ஆறு மாசம் இருக்கும், சவூதியிலிருந்து யாரோ ஒரு வெல்டர், "டீச்சர் அது எந்தக் கை?" என்று அந்தப் பாடத்துக்குக் கீழே எழுதியிருந்தார். நான் என்ன பதில் போட்டேன்? "வலது கைதான், பாடத்தை மறுபடியும் கவனமாகப் பார்க்கவும்." மறுபடியும் கவனமாகப் பார்க்கவும்! நான் ஒரு தடவை பார்த்திருந்தால் என்ன? என் பாடத்தை நானே உட்கார்ந்து பார்ப்பது எனக்குக் கூச்சம், அதுவும் ஒரு கர்வம்தான், வேறு வகைக் கர்வம். அந்த வெல்டர் அதற்குப் பிறகு எழுதவேயில்லை. பள்ளிக்கூடத்தில் தப்பாகச் சொல்லிக் கொடுத்தால் மறுநாள் நாற்பது முகமும் எதிரே இருக்கும், நேற்று சொன்னதை அடிச்சிடுங்க பிள்ளைகளா என்று சொல்லிவிடலாம். இங்கே முகமே இல்லையே, எங்கே போய்ச் சொல்லுவது? கதவை விரியத் திறந்து வைத்தேன், யார் வந்தார் யார் போனார் என்று தெரியாது என்பதுதான் அதன் அழகு என்று நினைத்திருந்தேன். தமிழ் டீச்சருக்குக் கரண்டோடு என்ன சோலி. இல்லை, அந்தப் பேச்சு வேண்டாம். தப்பு போனில், அறிவில் இல்லை, இயற்பியல் டீச்சர் எடுத்திருந்தாலும் இந்த போன் இதே வேலையைத்தான் செய்திருக்கும். சரி, ஆனால் பார்க்காமல் விட்டது போனா? நான். அதை ஒத்துக்கொள். இப்போது முன்னால் இருப்பது வேலுத்தாய். ஐந்தும் போகாது, அம்புக்குறி தப்பானால் ஒன்று போகும், மிஞ்சினால் இரண்டு. மூன்று தடவை போன பேப்பரில் இரண்டு மார்க் என்பது என்ன என்று எனக்குத் தெரியும், அது பாலிடெக்னிக், அது மில் ஆர்டர். இருபது வருஷம் காயில் சுற்றின கை, என்னை நம்பி இடது பக்கம் போய்விட்டது. படம் வரைந்துவிட்டாரா? வரைந்தாற்போலத்தான் இருக்கிறது, இங்கிருந்து தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், பார்ப்பது என் வேலைதான், ஆனால் கால் அந்த வரிசைக்குப் போகமாட்டேன் என்கிறது. போனால் என்ன செய்வேன்? ஒரு வார்த்தை பேசவேண்டாம். வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே, வியர்வை துடைக்கிற மாதிரி, பெருவிரலை நிமிர்த்தி, இரண்டே இரண்டு ஆட்டு. இந்த அறையில் அவருக்கு மட்டும்தான் புரியும். யாருக்கும் தெரியாது. அதைப் பிட்டு என்று சொல்லமுடியுமா? டீச்சர் வியர்வை துடைத்தார், அவ்வளவுதானே. கை உயர்கிறது, நிஜமாகவே உயர்கிறது, தோள்வரைக்கும் வந்துவிட்டது. மீசை நரைத்தவர் இருமுகிறார். அவர் எந்தப் பாடம் பார்த்தாரோ? வாசலையே பார்க்கும் அந்தப் பெண்? இதே அறையில் இன்னும் எத்தனை பேர் என் சப்பாத்திக் கட்டையைப் பார்த்தவர்களோ, அவர்களுக்கு யார் வியர்வை துடைப்பது? ஒருத்தருக்கு மட்டும் காதைக் கடிக்கிற வேலை ட்யூஷன் வாத்தியார் செய்கிற வேலை. என் பாடம் எல்லாருக்கும் போனது, திருத்தமும் எல்லாருக்கும்தான் போகவேண்டும், அதை இந்த அறையில் செய்யமுடியாது. கையை இறக்கிவிட்டேன். இறக்கினால் மறுபடி ஏறப் பார்க்கிறது, சனியன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டேன். இப்படித்தான் இனி நடப்பேன், ரவுண்டு வருகிற போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி.

பன்னிரண்டே முக்கால். விரல்கள் மரத்துப்போய்விட்டன, விடவில்லை. வேலுத்தாய் முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்க்கிறார், ஒரு இடத்தில் நிற்கிறார், ஏதோ யோசிக்கிறார், அடிக்கட்டும், அடித்துவிட்டு மாற்றிப் போடட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அந்தப் பாடத்தை எடுத்துவிடுவது. எடுத்துவிட்டால்? யாருக்கும் தெரியாது, பத்தொன்பதாயிரமும் போகும், தப்பும் போகும், புதிதாக ஒன்று போட்டு அதே நம்பரைக் கொடுத்துவிடலாம், இருபத்து மூன்று, சுத்தமான இருபத்து மூன்று. தப்பாகப் பழகிப்போனவர்கள் தப்பாகவே இருப்பார்கள், என் பெயர் மட்டும் சுத்தமாக இருக்கும். பெயரே போடாத எனக்குப் பெயர் என்ன கேடு. இல்லை, எடுக்கமாட்டேன். அது அங்கேயே கிடக்கட்டும், அதற்கு மேலே, பார்க்கிறவன் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், இதில் கை திரும்பியிருக்கிறது, என் தவறு என்று எழுதுவேன். அந்த வெல்டருக்குத் தனியாக எழுதுவேன், நீங்கள் கேட்டது சரி, நான் திமிரோடு பதில் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. எழுதமுடியும் என்னால், எனக்குத் தமிழ் வரும். அந்தத் தூரதேசத்து மனுஷர்கூட இருபத்தொன்பதாவது வகுப்பில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, முப்பதாவது வகுப்பின் ஆரம்பத்திலேயே, நேற்று நான் முட்டாள்தனம் பண்ணிவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே அழித்துப் போட்டார், அவரை அன்றைக்குத்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்தமட்டுக்கு எனக்குத் தைரியம் இருக்கிறது. இதையெல்லாம் ராத்திரிக்குள் செய்துவிடலாம், ஆனால் அந்த மூன்றாவது பெஞ்சுக்கு என்ன செய்வது, அதற்கு மட்டும் விடை இல்லை. ஒன்றேகால் மணி அடிக்கிறது. எழுதறத நிறுத்துங்க, எல்லாரும் எந்திரிங்க என்று சொல்கிறேன், மூன்று மணி நேரம் கழித்து வருகிற குரல் கரகரக்கிறது.

விடைத்தாளை ஒவ்வொன்றாக வாங்கி நம்பர் வரிசையில் அடுக்குகிறேன். வேலுத்தாயின் தாளையும் திருப்பிப் பார்க்காமல் அதன் நம்பருக்கு உரிய இடத்தில் செருகிவிட்டேன். எல்லாரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் வாசலில் ஹால் டிக்கெட்டை மடித்துக்கொண்டு நிற்கிறார். "டீச்சர், நீங்கதான அந்த சப்பாத்திக் கட்ட டீச்சரு?" என்றார். "காலையில ஹால் டிக்கெட்ட எடுத்து மேல வைங்கன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே குரலு தெரிஞ்சுபோச்சு. பரிச்சைக்கு நடுவுல எப்படிக் கேக்கன்னு பேசாம இருந்தேன்." நான்தான் என்றேன். சொல்லிவிட்டு, "அந்த முப்பத்து நாலாவது கேள்வி... நீங்க இடது கையைப் பிடிச்சீங்களே" என்றேன். "ஆமா, வலது கையில பேனா இருந்துச்சுல்லா. இடது கையில பிடிச்சுப் பாத்துட்டு, வந்தத அப்படியே மாத்திப் போட்டேன். ஒங்க வீடியோவப் பாத்துத்தான் அந்தப் பழக்கம் வந்துச்சு." எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதுல ஒங்க முந்தானை வலது தோள்ல கெடக்கு டீச்சர். எந்தப் பொம்பள அப்படிக் கட்டுவா? பாத்ததுமே படம் திரும்பிக் கெடக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க குரூப்ல ஒம்பது பேரு சேந்து படிக்கோம், பொம்பளைங்க ஆறு பேரும் ஒடனே கண்டுபிடிச்சுட்டோம். ஆம்பளைங்க மூணு பேருந்தான் முழிச்சாங்க, நாங்கதான் சொல்லிக்கொடுத்தோம்." அப்புறம் ஏன் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை என்று கேட்டேன், கோபமாகவே கேட்டுவிட்டேன் போல. அவர் திகைத்துப் பார்த்தார். "ஒங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? நாங்களே யோசிச்சுக் கண்டுபிடிக்கட்டும்னு வேணும்னேதான் அப்படிப் போட்டிருக்கீங்கன்னு பேசிக்கிட்டோம்." எவ்வளவு வசதியான பதில். தலையை ஆட்டினால் போதும், ஒரு புன்னகை, கெட்டிக்கார டீச்சர், ஒன்பது பேரும் இன்னும் பெரிதாக நினைப்பார்கள். கையில் இருபது விடைத்தாள் கனத்தது. "இல்லக்கா, எனக்குத் தெரியாது" என்றேன், வகுப்பில் பேசுகிற குரலில், வராந்தாவில் போய்க்கொண்டிருந்த கண்காணிப்பாளர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "இன்னைக்கு நீங்க கையத் தூக்கினப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. அது என் தப்பு. அதத் திருத்தி ஒரு பாடம் போடணும், நீங்க வந்து சொல்லுதீங்களா? முந்தானை கதையையும் சேத்துச் சொல்லணும்." மறுப்பார் என்றுதான் நினைத்தேன், எனக்கென்ன தெரியும் டீச்சர் என்பார் என்று. அவர் கீறல் விழுந்த விரலால் ஹால் டிக்கெட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம கடை லீவு, பத்து மணிக்கு வாறேன். நான் வாறதுக்குள்ள அந்தப் போனப் பின்பக்கமாத் திருப்பி வச்சிருங்க."